கோடு போட்ட வண்டு

உட்காரும்மா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு. மேல இருக்கற பூக்கட்டை எடுத்துக் கீழே வெச்சிடு. வெறும் வெள்ளைப் பூதான், ஒண்ணும் ஆகாது. நாகவேணின்னுதானே சொன்னே? அஞ்செட்டிப் பக்கமா? நல்லது. அந்தப் பக்கத்து ஆளுங்க வேலைக்குச் சலிக்க மாட்டாங்க. டீ சொல்லவா? சரி, அப்புறமா சொல்றேன்.

வெளியில போர்டைப் பார்த்துட்டுத்தான் வந்தியா? 'பெண்கள் தேவை'ன்னு நேத்துத்தான் மாட்டினேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். ஆனா 'ஒரு பெண் தேவை'ன்னு எழுதி மாட்டினா ஓசூர்ல ஜனங்க வேற மாதிரி நினைச்சுக்குவாங்க.

வேலை ஒண்ணும் மலையைப் புரட்டற வேலை இல்ல. காலையில பண்ணையிலேருந்து ரோஜா வரும், கார்னேஷன் வரும், ஜெர்பெரா வரும். முள்ளு சீவணும், தண்டு வெட்டணும், பொக்கே கட்டணும். முகூர்த்த நாள்னா ஸ்டேஜுக்கு வளைவு கட்டணும். உட்கார்ந்த இடத்துல வேலை. வெயில் இல்ல, மழை இல்ல. தலைக்கு மேல ஃபேன் ஓடுது பாரு.

முன்னாடி இருந்தவளா? அதைத்தான் சொல்ல வந்தேன். நீயா கேட்டது நல்லதாப் போச்சு. இங்க சேர்றவங்க அவ கதையைக் கேட்டுட்டுத்தான் சேரணும். எப்படி இருக்கணும், எப்படி இருக்கக் கூடாதுன்னு அப்பத்தான் புரியும்.

அவ பேர் முனிரத்னா. வெளியாள் இல்ல, என் சொந்தத் தம்பி பொண்டாட்டி. தம்பி மினி லாரி ஓட்டிக்கிட்டு இருந்தான். சூளகிரி மேட்டுல கவுத்துட்டான். பிள்ளை குட்டி கிடையாது. கருமாதி முடிஞ்ச கையோட சொந்தக்காரங்க எல்லாரும் வாசல்ல அவங்கவங்க செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. அவ நடு வீட்டுல உட்கார்ந்திருந்தா. நான்தான் சொன்னேன், "கடைக்குப் பின்னாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு, வந்து இரு"ன்னு. யார் சொல்வாங்க இந்தக் காலத்துல? அவ அண்ணன்காரன் சொல்லல. நான் சொன்னேன். சம்பளம்னு நான் பேசினதில்ல, அவளும் கேட்டதில்ல. சொந்தத்துக்குள்ள சம்பளம் பேசினா அசிங்கம். சோறு, துணி, இருக்க இடம். இதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்?

உனக்குச் சம்பளம் உண்டும்மா. நீ வெளியாளாச்சே.

வந்த புதுசுல அவ விரலைப் பார்க்கணும். பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி. அவ கட்டின பொக்கேன்னா தனியாத் தெரியும். ஒரு தண்டு முன்னே இருக்காது, ஒரு தண்டு பின்னே இருக்காது.

பொக்கேன்னா என்னன்னு நினைச்சே? ரோஜாவைக் கத்தையாக் கட்டிக் கொடுத்தா அது கீரைக்கட்டு. ரோஜாவுக்கு இடையில பொடிப்பொடியா, வெள்ளையா, பனி தெளிச்ச மாதிரி ஒண்ணு வேணும். கடைக்காரங்க அதை ஜிப்சின்னு சொல்வாங்க. வெளியூர்லேருந்து வரணும். வந்து சேர்றதுக்குள்ள பாதி பழுத்துடும். விலையைக் கேட்டா நமக்கு முகம் பழுத்துடும். ஒரு நாள் கடைக்குப் பின்னாடி ஒதுங்கப் போனேன். அங்க பூரா லேஅவுட். பெங்களூர்க்காரங்க வாங்கிப் போட்டு, கல்லு நட்டுட்டு, மறந்துட்டுப் போன நிலம். இடுப்பளவு நிக்குது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் வெள்ளை வெள்ளையா. பொடிப்பொடியா. பனி தெளிச்ச மாதிரி.

பார்த்தீனியம்தான். ஏம்மா ஸ்டூலைப் பின்னால தள்ளறே? பேர்தான் அப்படி. நான் அதுக்கு நாட்டு ஜிப்சின்னு பேர் வெச்சேன். எத்தனை மாப்பிள்ளை கையில கொடுத்திருக்கேன், எத்தனை அதிகாரிங்க கையில கொடுத்திருக்கேன். ஒருத்தர் கேட்டதில்ல. ஒரே ஒரு தடவை ஒரு ரிசப்ஷன்ல கல்யாணப் பொண்ணுக்குக் கழுத்தும் கன்னமும் செவசெவன்னு தடிச்சுப் போச்சு. மேக்கப் போட்டுவிட்ட பொண்ணை அடிக்கவே போயிட்டாங்க. நான்தான் நடுவுல பூந்து தடுத்தேன். "சின்னப் பொண்ணு, தெரியாம எதையோ பூசிட்டா, விட்டுடுங்க"ன்னு சொன்னேன். அந்த மேக்கப் பொண்ணு அழுதுக்கிட்டே எனக்குக் கும்பிடு போட்டுச்சு.

எனக்கு ஏதாவது ஆச்சா? நீயே பாரு. இத்தனை வருஷமா இதே நாற்காலி. ஃபுல் கைச் சட்டையும் கழுத்துல கர்சீப்பும் எனக்கு எப்பவும் பழக்கம். பூவை நான் தொடறதில்ல. முதலாளி தொட்டு வேலை செஞ்சா வேலையாளுக்கு பயம் விட்டுப்போயிடும். இந்தக் கண் இமை மட்டும் கொஞ்ச நாளா அரிக்குது. சூடுதான். இளநீர் குடிச்சா அடங்கிடும். என் வீட்டுக்காரி கடைக்குள்ள கால் வைக்க மாட்டா. வெச்சான்னா வீட்டுக்குத் திரும்பற வரைக்கும் தும்மல். அவளுக்குத் தூசி ஆகாது.

முனிரத்னாவுக்கு முதல்ல விரல் இடுக்குல வந்துச்சு. அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் கழுத்து, காது மடல், கண்ணைச் சுத்தி. தோல் கறுத்து, யானைத் தோல் மாதிரி தடிச்சு, வெடிச்சு நீர் வடிஞ்சது. சொறிவா பாரு, அந்தச் சத்தம் இங்க கல்லா வரைக்கும் கேக்கும். நான் சும்மா விட்டேனா? கத்திரிக்காயை நிறுத்தினேன். கருவாட்டை நிறுத்தினேன். முட்டையை நிறுத்தினேன், தக்காளியை நிறுத்தினேன். அப்பவும் சொறிஞ்சா. சோப்பை நிறுத்தினேன். பெத்த அப்பன் இவ்வளவு பார்ப்பானா?

வாங்க வர்றவங்க ஒரு மாதிரி பார்க்க ஆரம்பிச்சாங்க. ஒரு அம்மா நேராவே கேட்டுச்சு, "பெரிய வியாதியா?"ன்னு. நல்ல காரியத்துக்குப் பூ வாங்க வர்ற இடம் பாரு. அதனால அந்தத் திரையைப் போட்டேன். அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். இதுல கோபப்பட என்ன இருக்கு? அவளும் படல. அதைச் சொல்லணும். முகத்தைத் திருப்பி உட்காருன்னா உட்காருவா.

போன வருஷம் ஆனி மாசம். ஒரு நாள் டம்ளரை எடுக்க வந்தவ போகாம நிக்கறா.

"மாமா, கம்பெனியில பொம்பளைங்களை எடுக்கறாங்களாம். போன்ல ஏதோ சின்னச் சின்னதா கோக்கற வேலையாம். வேன் வருமாம். தங்க இடம்கூடக் கொடுப்பாங்களாம்."

"போயேன். உன்னைக் கட்டியா வெச்சிருக்கேன்?"

"ஆயுத பூஜை முடிஞ்சதும் மெடிக்கலாம் மாமா. கையைப் பார்ப்பாங்களாம். தோல்ல ஏதாவது இருந்தா எடுக்க மாட்டாங்களாம். அதுவரைக்கும் நான் ரோஜா மட்டும் கட்டறேனே? வெள்ளைப் பூவைக் கட்டினாத்தான் எனக்கு இது ஜாஸ்தியாகுது."

"கத்திரிக்காய் தின்னியா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாதே."

"சத்தியமா இல்ல மாமா. முள்ளு பூரா நானே சீவறேன். வளைவுக்குக் கம்பி கட்டறேன், பாத்ரூம் கழுவறேன், என்ன சொன்னாலும் செய்யறேன். அந்தப் பூ மட்டும் வேண்டாம்."

யோசிச்சுப் பாரு. இன்னிக்கு ஜிப்சி ஆகாதும்பா. நாளைக்கு ரோஜாவுல முள்ளு இருக்கும்பா. அடுத்து நாற்காலி கேப்பா. நான் அவகிட்ட அதட்டிப் பேசல. "வேலைன்னா எல்லாம்தான், முனிரத்னா"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டா.

அடுத்த வாரம் என்கிட்டச் சொல்லாம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. அங்க தோல் டாக்டர் சொன்னாராம், அந்தச் செடிதான் காரணம், அது இருக்கற பக்கமே போகாதேன்னு. இவ வெளியே வந்து காம்பவுண்ட் சுவர் ஓரமா உட்கார்ந்து அழுதிருக்கா. அழுதுக்கிட்டே பார்த்திருக்கா. அங்கேயும் அதே செடி. ஆனா ஒரு இலை இல்ல, ஒரு பூ இல்ல. வெறும் குச்சி குச்சியா நிக்குது. குச்சி பூரா வண்டு. திரும்ப உள்ளே போய் டாக்டரையே கேட்டிருக்கா. அவர் சொல்லியிருக்கார், இந்த வண்டு இதை மட்டும்தான் தின்னும், இதை அழிக்கறதுக்காகவே வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்து விட்டதுன்னு. மத்தியானச் சோத்துக்கு எடுத்துட்டுப் போன டிபன் பாக்ஸ் கையில இருந்திருக்கு. சோத்தைக் காக்காய்க்குப் போட்டுட்டு, அது நிறைய வண்டைப் பொறுக்கிட்டு வந்துட்டா.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: காலையில நான் கடை திறக்க வரும்போது இவ கையில டிபன் பாக்ஸோட லேஅவுட் பக்கம் போவா. ஒளிஞ்சு எதையோ திங்கறான்னு நினைச்சேன். குண்டான்ல சோறு குறையுதான்னு பார்த்தேன். குறையல. பேசாம விட்டுட்டேன்.

ஆடி போச்சு. ஆவணியில பார்த்தா, இவ கழுத்து தெளியுது. விரல் இடுக்குல புதுத் தோல், குழந்தைத் தோல் மாதிரி. கண்ணைச் சுத்தி இருந்த கறுப்பு உதிருது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொன்னேன், பாருங்க, கத்திரிக்காயை நிறுத்தினேன், சரியாகிடுச்சுன்னு. நாலு பேர் அவங்க வீட்டுலயும் நிறுத்தினாங்க. இவ திரைக்குப் பின்னாலேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. ஒரு வார்த்தை சொல்லல. எவ்வளவு அழுத்தம் பாரு!

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. கழுத்து தெளிஞ்ச அதே சமயத்துல பக்கெட்டுல ஜிப்சி குறைஞ்சிருக்கு. "ஏன் கம்மியா அறுக்கறே?"ன்னு கேட்டேன். "இல்லை மாமா"ன்னா. நான் நேராப் பின்னாடி போனேன்.

போய்ப் பார்த்தா, என்னத்தைச் சொல்றது! மொட்டை. கல்லு நட்ட பிளாட் பூரா மொட்டைக் குச்சி. கிட்டப் போனா சத்தம் கேக்குது. சொன்னா நம்ப மாட்டே. நொறுநொறுன்னு, யாரோ கூட்டமா உட்கார்ந்து முறுக்கு திங்கற மாதிரி.

அந்த வண்டைப் பார்த்திருக்கியா? துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். முதுகு உருண்டையா, மேடா. வெளுத்த மோர்க்குழம்பு நிறம். அது மேல நீளவாக்குல காப்பிக்கொட்டை நிறத்துல கோடு, தையல்காரன் அளவெடுத்துப் போட்ட மாதிரி. தலை மட்டும் செம்பழுப்பு. பார்க்க அழகுதான், அதை மறைக்க மாட்டேன். இலையோட அடியில மஞ்சளா முட்டை வைக்கும். அதுலேருந்து வர்ற புழு இருக்கு பாரு, அதுதான் கொலைகாரப் பய. நேராப் போய்க் கொழுந்துல உட்காரும். மொட்டுக்குள்ள பூந்து மொட்டைத் தின்னும். பூவே வராது. வண்டு இலையைத் தின்னும். தின்னு முடிச்சா புழு மண்ணுக்குள்ள இறங்கி, வண்டா எழுந்து வந்து, திரும்பத் தின்னும். கை பட்டா பொத்துன்னு கீழே விழுந்து செத்த மாதிரி கிடக்கும். நீ திரும்பினதும் எழுந்து நடக்கும். 

ஒண்ணைப் பிடிச்சு உள்ளங்கையில வெச்சுக்கிட்டு வந்தேன். திரையை விலக்கி, "இது என்னன்னு தெரியுமா?"ன்னேன்.

அவ சிரிச்சாம்மா. தம்பி போனதுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பார்த்ததில்ல. அன்னிக்குத்தான் கவனிச்சேன், அவளுக்கு மேல்வரிசையில ஒரு பல் ஏறி இருக்கும்.

"நான்தான் மாமா கொண்டுவந்து விட்டேன். டிபன் பாக்ஸ்ல. முதல் வாரம் ஒண்ணையும் காணோம், செத்துப்போச்சுன்னு நினைச்சேன். தினம் போய்ப் பார்ப்பேன். இப்பப் பாருங்களேன், எவ்வளவு ஆகிடுச்சு! ரோஜாவை ஒண்ணும் செய்யாது மாமா, பயப்படாதீங்க. டாக்டர் சொன்னார்."

பயப்படாதீங்களாம். எனக்குச் சொல்றா. கையை வேற நீட்டிக் காட்டறா. "பாருங்க மாமா, போயிடுச்சு. மெடிக்கல்ல எடுத்துடுவாங்க இல்ல?"

நான் கத்தினேனா? கத்தல. அவ சொன்னது நிஜமான்னு முதல்ல பார்த்தேன். எதையும் விசாரிக்காம முடிவு பண்ற ஆள் நான் இல்ல. ஒரு பாட்டில்ல வண்டைப் போட்டு ரோஜா இலை வெச்சேன். கார்னேஷன் வெச்சேன். முட்டைக்கோஸ்கூட வெச்சேன். தினம் காலையில சாமி படத்துக்குப் பூ வெச்சுட்டு அதைப் பார்ப்பேன். இலை மேல ஏறும், இறங்கும், மீசையை ஆட்டும். வாய் வைக்கல. எல்லாம் பட்டினியில செத்துச்சு. ரோஜாவுல ஒரு ஓட்டை இல்ல. அவ சொன்னது சரிதான். ஆனா சரியா இருந்தாப் போதுமா? சோறு போடறவன் பூவுல பூச்சியை விட்டது சரியா? அதுவும் முகூர்த்த சீசன்ல?

மருந்து அடிச்சிருக்கலாம். பக்கத்துப் பண்ணைக்காரர்கூடச் சொன்னார், ஒரே தெளிப்புல போயிடும்னு. நான் வேண்டாம்னுட்டேன். பொக்கேவை வாங்கினதும் ஜனங்க என்ன செய்யறாங்க? முகத்துக்கிட்ட வெச்சு மோந்து பார்க்கறாங்க. அதுல மருந்து இருந்தா யாருக்காவது ஏதாவது ஆகிடாதா? நான் அந்தப் பாவத்துக்கு ஆளில்ல.

அதனால, விட்டவளே பொறுக்கட்டும்னேன். இது தண்டனையே இல்லம்மா. நீ ஒரு பொருளைக் கொட்டினா நீ அள்ற. அதான் நியாயம்.

முதல்ல அவ புரிஞ்சுக்கல. "எதை மாமா பொறுக்கணும்?"னா.

"வண்டை. முட்டையை. புழுவை. எல்லாத்தையும்."

"செடிக்குள்ள போயா?"

"பின்னே? வண்டு உன்னைத் தேடி வருமா?"

"மாமா, மெடிக்கல் வருது மாமா. கை இப்பத்தான்..."

"சரி, வேண்டாம். உன் டிரங்குப் பெட்டியை எடுத்து ரோட்டுல வெச்சிடறேன். வண்டும் நீயும் எங்க வேணாலும் போங்க."

இவ்வளவுதான் பேசினேன். கை ஓங்கினதுகூட இல்ல.

காலி பெயிண்ட் பக்கெட்டுல சோப்புத் தண்ணி ஊத்திக் கொடுத்தேன். காலையில பொறுக்கறது, மத்தியானம் வந்து கட்டறது. அந்தக் கோடியில வண்டு எட்டாத பிளாட்டுல செடி நல்லாத்தான் இருந்துச்சு, அதையும் அவதான் அறுத்துட்டு வருவா. அங்கேயும் கொழுந்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கணும், உள்ளே புழு இருக்கான்னு. புழு அரிசிநொய் மாதிரி இருக்கும், நகத்தாலதான் எடுக்க முடியும். அவ முள்ளு சீவற க்ளவுஸைக் கேட்டா. க்ளவுஸ் போட்டுக்கிட்டு எப்படிம்மா நகத்தால எடுக்கறது? வேலைக்கு ஆகுமா? நீயே சொல்லு. அதுவுமில்லாம அது ரோஜாவுக்குன்னு வாங்கினது.

சாயங்காலம் பக்கெட்டை நானே குச்சி விட்டுக் கலக்கிப் பார்ப்பேன். மேல வண்டு மிதக்கும். அடியில புழு கிடக்கும். கம்மியா இருந்தா திரும்ப அனுப்புவேன். ஏமாத்தறாளான்னு பார்க்கணும் இல்ல? ஒரு நாள் வண்டு ஒண்ணு பக்கெட் விளிம்புல ஏறிக் கோடு போட்ட சட்டையோட உட்கார்ந்திருக்கு. இவ அதை விரலால எடுத்துக் கீழே விடப் போனா. "உள்ளே"ன்னேன். போட்டா.

ஒரு வாரத்துல பழையபடி ஆகிடுச்சு. பழையபடின்னு சொல்லக் கூடாது. முன்னைவிட ஜாஸ்தி. கண் ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. இமையை விரலால தூக்கிக்கிட்டுப் புழுவைத் தேடுவா. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்து அவ ரூம்ல போய்ப் பார்த்தேன். ஒரு கத்திரிக்காய்க் காம்பு கிடந்துச்சு. அதான் விஷயம்! எனக்குத் தெரியாம வாங்கித் தின்னிருக்கா. நான் என்ன பாடுபட்டு என்ன பிரயோஜனம்?

மெடிக்கல் அன்னிக்கு நான் தடுக்கல. மத்தவனா இருந்தா பூட்டி வெச்சிருப்பான். நான் வேனுக்குப் போகவிட்டேன். முழுக்கை ஜாக்கெட் தைச்சு வெச்சிருந்தா. முகத்துல தேங்காய் எண்ணெயை ஏகத்துக்குப் பூசிக்கிட்டு, தலையில ரெண்டு முழம் கனகாம்பரம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் திரும்பி வந்துட்டா. வேன்ல வரல, நடந்து வந்திருக்கா.

"என்ன சொன்னாங்க?"

"கையைக் காட்டச் சொன்னாங்க."

"காட்டினியா?"

"ஜாக்கெட்டை மேல தூக்கச் சொன்னாங்க. தூக்கினேன். பக்கத்துல உட்கார்ந்திருந்த பொண்ணு நாற்காலியை நகர்த்திக்கிச்சு."

நானே டீ வாங்கிக் கொடுத்தேன். "பார்த்தியா முனிரத்னா, ஊர்ல எவன் கைவிட்டாலும் கடைசியில சோறு போடறது யாரு?"ன்னேன். டீயைக் குடிச்சுட்டு பக்கெட்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போனா. நான் போகச் சொல்லல, கவனிச்சுக்கோ. அவளாப் போனா. அந்த ஒரு குணம் நல்ல குணம்.

கார்த்திகையில வண்டு தானாக் குறைஞ்சு போச்சு. குளிர் வந்தா மண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்கும். அடுத்த மழைக்குத்தான் எழுந்திருக்கும். அதுவரைக்கும் சோறு தண்ணி கிடையாது. செடிக்கும் காலம் முடிஞ்சுது. ஆனா வெட்டிக் காயவெச்ச கட்டு இருந்துச்சு, மாலைக்கு ஓரம் வைக்கலாம்னு அவ ரூம்லதான் அடுக்கியிருந்தேன். வேற இடம் ஏது? அப்பத்தான் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சுது. விசில் ஊதற மாதிரி. குளிர் ஊர் இல்லையா, இந்த ஊர்ல யாருக்குத்தான் இழுக்கல?

மார்கழியில ஒரு காலையில கதவைத் தட்டினா திறக்கல.

ஆமாம்மா, போயிட்டா. அவங்க குடும்பத்துலயே மூச்சு வியாதி உண்டுன்னு அவ அண்ணன்கிட்டச் சொன்னேன். அவன் இல்லைன்னான். இவனுக்கு என்ன தெரியும், தங்கச்சியை எட்டிப் பார்க்காதவன். எல்லாச் செலவும் நான்தான். மலர்வளையம் நானே என் கையால கட்டினேன். பூவைத் தொடாதவன் அன்னிக்குத் தொட்டேன். இவ்வளவு பெரிசு, வண்டிச் சக்கரம் மாதிரி. ரோஜா கொஞ்சம்தான், மிச்சம் பூரா நாட்டு ஜிப்சி, தண்ணித் தொட்டி ஓரமா நின்ன கடைசிப் பூ. அவ நெஞ்சு மேல வெச்சேன். பார்த்தவங்க எல்லாம் சொன்னாங்க, ஒரு தம்பி பொண்டாட்டிக்கு இப்படி யார் செய்வாங்கன்னு. ரெண்டு நாள் உள்ளங்கை எரிஞ்சுது. துக்கம் அப்படித்தான், கையில இறங்கும்.

ரூமை ஒழிச்சேன். உனக்கு அதைத்தான் தரப்போறேன். கட்டிலுக்கு அடியில அந்த டிபன் பாக்ஸ் இருந்துச்சு. மூடியில ஆணியால ஓட்டை போட்டிருந்தா. திறந்தா பூரா மண்ணு. என்ன பைத்தியக்காரத்தனம் பாரு, மண்ணைப் போய் யாராவது டிபன் பாக்ஸ்ல பத்திரப்படுத்துவாங்களா? பின்சுவர் ஓரமாக் கொட்டிட்டு, டப்பாவை இரும்புக்கடைக்குப் போட்டேன்.

இப்ப மழை தொடங்கிடுச்சு. செடி முழங்கால் அளவு வந்தாச்சு, நல்ல கொழுந்து. நேத்துப் போய்ப் பார்த்தா மறுபடியும் கோடு போட்ட சட்டை! எங்கன்னு கேளேன். சரியா அந்தப் பின்சுவர் ஓரம். வேற எங்கேயும் இல்ல, அங்க மட்டும் ஒரு கைப்பிடி. எப்படித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிச்சு வந்துச்சோ! பார்த்த உடனே போர்டை எழுதி மாட்டிட்டேன். இப்பவே பொறுக்கிட்டா சுலபம், ஆவணி வரைக்கும் விட்டா அவ்வளவுதான். அதனால காலையில அது ஒரு வேலை. மத்தபடி நான் சொன்ன மாதிரி உட்கார்ந்த இடத்துல வேலைதான்.

என்ன யோசிக்கறே? வீட்டுல யார் யாரு? சரி. அவர் எங்கே? ம். புள்ளைங்களை யார்கிட்ட விட்டிருக்கே? அப்ப எங்கேம்மா போவே, வேற வேலை தேடிக்கிட்டு? கம்பெனிக்கா? அங்க படிப்பு கேப்பாங்க. நான் எதுவும் கேக்கல பாரு.

எங்க, கையைக் காட்டு. ஏன் முந்தானைக்குள்ள வெச்சுக்கறே, காட்டும்மா. அந்தக் கையும். திருப்பு. அடேயப்பா. நல்ல கை. ஒரு தழும்பு இல்ல.

நாளைக்கே வந்துடு. டிபன் பாக்ஸ் மட்டும் கொண்டு வராதே. சாப்பாடு நானே போட்டுடறேன்.